சொந்த வாக்கியத்தில் அமைக்கவும்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சௌந்தர்யாவின் எண்பது பக்க நோட்டிலிருந்து எடுத்தேன். அவளிடம் அனுமதி கேட்க வழியில்லை. போன வாரம் வேடசந்தூர் பக்கம் கணவன் வீட்டுக் கிணற்றிலிருந்து அவளைத் தூக்கினார்கள். தவறி விழுந்துவிட்டாள் என்கிறான் கணவன்.

நான் டெய்சி. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறேன்.

2

'கொட்டும் மழையில் மில் பஸ்ஸிலிருந்து சௌந்தர்யா இறங்கியபோது' –

இது நான் எழுதி அடித்த தொடக்கம். மழையாவது மண்ணாங்கட்டியாவது! அவள் முதலில் வகுப்புக்கு வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

'அவள் கண்களில் இனம்புரியாத' –

இதுவும் பொய். வகுப்பில் அதிகம் சிரித்தவளே அவள்தான். மில்லில் சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று படிக்க வந்தாள். சம்பளம் கூடும் என்று கணவனும் ஞாயிறு மட்டும் அனுப்பிவைத்தான்.

3

கெட் அப், கோ அவுட், கிவ் அப். இந்த இரட்டைச் சொற்களைக் கரைத்துக் குடித்தால் இங்கிலீஷ் தானாக வரும் என்பது என் கட்சி. கைடைப் பார்த்து எழுதினால் எனக்குக் கோபம் வரும். "உங்க வீட்ல நடக்கறத எழுதுங்கம்மா, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்பேன். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

[அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: முப்பது நோட்டுகளையும் ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் திருத்திவிடுவேன். வாக்கியம் சரியா என்று மட்டும் பார்ப்பேன். என்ன சொல்கிறார்கள் என்று பார்த்ததில்லை.]

4

இன்று காலை அவளுடைய அம்மா பேச்சியம்மாள் குஜிலியம்பாறையிலிருந்து வந்தார். நோட்டை நீட்டினார்.

"டீச்சரம்மா, எம்மக பொட்டியில இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு இங்கிலீசு தெரியாது, எனக்கு எழுத்தே தெரியாது. என்ன எழுதியிருக்கான்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடுங்க. போலீஸ் டேசன்ல குடுக்கணும்."

பிரித்தேன்.

'ஹி லாக்ஸ் மீ அப் வென் ஹி கோஸ் அவுட்.' வெளியே போகும்போது என்னைப் பூட்டிவிட்டுப் போகிறான்.

'ஹி டுக் அவே மை ஃபோன்.' போனைப் பிடுங்கிவிட்டான்.

'ஐ ரேன் அவே. ஹி ப்ராட் மீ பேக்.' ஓடினேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டான்.

கடைசிப் பக்கம், மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு: 'ஹி செட் ஹி வில் ஃபினிஷ் மீ ஆஃப்.' தீர்த்துக்கட்டிவிடுவேன் என்றான்.

அந்த வீட்டில் யாருக்கும் புரியாத மொழியில், எனக்கு மட்டும் புரியட்டும் என்று எழுதியிருக்கிறாள். பாவி, ஒரு வார்த்தை அவளைக் கேட்டேனா?

5

முடிவு ஒன்று: எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிக் கொடுக்கிறேன். ஸ்டேஷனில் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அப்பவே படிச்சீங்களா மேடம்?"

முடிவு இரண்டு: "வெறும் பாடம்தாம்மா, ஒண்ணுமில்ல." என் வகுப்பு நடக்கும். அவனும் நிம்மதியாக நடமாடுவான்.

முடிவு மூன்று: பேச்சியம்மாள் –

இல்லை. இதை எழுத வரவில்லை. ஒரு மணி நேரமாக எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டதைத்தான் எழுதுகிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நான் எழுதிக்கொண்டிருப்பதோ, நீங்கள் இப்போது படிக்கும் இதை.

"முடிஞ்சிருச்சா டீச்சரம்மா?"

"செத்த இருங்கம்மா."

நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, என் சிவப்பு மையை விரலால் தடவுகிறார்.

"அம்புட்டுக்கும் ரைட்டு போட்டிருக்கீக. எம்புள்ள நல்லாத்தான எழுதியிருக்கா?"

இதற்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள். பேனா இதோ.