காகிதம் நுழையாத இடம்

ரோஸ்விதாவுக்கு அந்த மாட்டு டாக்டரைப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அந்த டாக்டரின் முட்டிகள். முப்பத்தாறு வயதில், இரண்டு முட்டியும் சொன்னபடி கேட்க, கொர்னீலியா வாரம் தவறாமல் மலையேறினாள். பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடியில், ஏறும்போது வழுக்காமல் இருக்கத் தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறி, உச்சியில் பட்டையை உரித்துப் பையில் போட்டு, பத்து நிமிடத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் முட்டி கெட்டுப்போகும் வரை ரோஸ்விதாவும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், தன் புருஷன் வெண்டெலினோடு. இப்போது வெண்டெலின் கொர்னீலியாவோடு போகிறான்.

செல்ரைன் பள்ளத்தாக்கில் இதெல்லாம் ஒளிவுமறைவாக நடக்கிற விஷயமில்லை. தனியாக மலைக்குப் போவது புத்தியில்லாதவன் செய்கிற வேலை, துணை வேண்டும். மலை மீட்புக் குழுவில் வெண்டெலினும் இருந்தான், கிராட்ஸ் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த டாக்டரும் இருந்தாள். ஒருநாள் சேர்ந்து போனார்கள், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"என்ன ரோஸி, உன் புருஷனுக்கு இப்ப மாட்டு டாக்டர்தான் வைத்தியம் பாக்குறாளாமே?" என்று கடை முதலாளி ஏகிட் ஒருநாள் கேட்டான்.

"உனக்கும் அவகிட்டதான் காட்டணும். மனுஷ டாக்டருக்கு உன் வியாதி புரியாது" என்று சொல்லி அவன் வாயை அடைத்தாள். ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

ஏகிட்டின் கடையில் பைண்டிங் வேலை எல்லாம் ரோஸ்விதாதான். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைப்பது பைண்டிங். விழுந்தால் காலை விட்டுவிட வேண்டும், விழாதபோது விடக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும் இந்த இரண்டு காரியத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் இடைவெளி. இன்ஸ்ப்ரூக்கிலிருந்துகூட அவளைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கொர்னீலியா ஸ்கீயைத் தோளிலும் பூட்ஸைக் கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வாங்க டாக்டர்" என்றாள் ரோஸ்விதா. குரலில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"இடது கால் தானா கழண்டுக்குது. போன வாரம் ரெண்டு தடவை. நான் விழக்கூட இல்ல, சும்மா திரும்பினேன், பூட்ஸ் தனியா வந்துடுச்சு. நாளைக்கு ரோட்கார் கணவாய்லேர்ந்து பனி மூடின ஓடை வழியா இறங்கப்போறோம். அங்க கழண்டா நேரா பாறைதான்."

ஏறவும் இறங்கவும் சேர்த்துச் செய்த கலப்புப் பைண்டிங் அது. ஏறும்போது முன்னால் இரண்டு ஊசிகள் பூட்ஸ் நுனியைப் பிடித்திருக்கும், குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். உச்சியில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் ஊசிகள் ஒதுங்கிக்கொள்ளும், முன்னும் பின்னும் அழுத்திக் கவ்விக்கொள்ளும். இரண்டு வேலையும் செய்கிற பொருள் என்பதால் இரண்டு மடங்கு கவனிப்பு கேட்கும். ஏகிட் அதை 'ரெண்டு பொண்டாட்டிக்காரன்' என்பான்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"பூட்ஸ் மாத்தினதுலேர்ந்துன்னு நெனக்கிறேன். என்னோடது விரிசல் விட்டுடுச்சு. ஆமா, உங்களுக்கு நன்றி சொல்லவே இல்லையே நான்! நீங்க குடுத்துவிட்ட பூட்ஸ் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

ரோஸ்விதா குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறப் பூட்ஸ். இடது பக்கக் கொக்கியில் மட்டும் ஒரு சிவப்புத் திருகு. அந்தத் திருகைப் போட்டவள் அவளேதான். பரணில், கம்பளித் துணி சுற்றி, அவள் கையால் வைத்த பூட்ஸ். அவள் யாருக்கும் எதையும் கொடுத்துவிடவில்லை.

முகம் சுடுவது தெரிந்தது. 'நான் கொடுக்கவில்லை' என்று சொன்னால் தன் வீட்டில் நடப்பது தனக்கே தெரியாது என்று இவள் முன்னால் ஒப்புக்கொண்டது போலாகும்.

"பரவால்ல. சும்மா கெடந்ததுதானே" என்றாள்.

"வெண்டெலினும் அதான் சொன்னான்."

'சொன்னான்.' மலையில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ரோஸ்விதாவுக்கு அந்த ஒற்றைச் சொல் பிடிக்கவில்லை.

பூட்ஸைப் பைண்டிங்கில் வைத்து அழுத்தினாள். முன்பக்கத்தில் பூட்ஸின் அடிக்குக் கீழே ஒரு சின்னத் தகடு உண்டு. பூட்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு இழுத்தால் அது இறுகலாக வர வேண்டும். ரோஸ்விதா விட்ட காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. மடித்து விட்டாள், அதுவும் வந்தது. அந்தக் காலத்தில் ரோஸ்விதாவே பாறைகளில் நடந்து நடந்து தேய்த்த ரப்பர். கொர்னீலியாவின் பழைய பூட்ஸுக்கு வைத்த தகடு இந்தத் தேய்ந்த நுனிக்கு எட்டவில்லை. பூட்ஸ் உள்ளே ஆடுகிறது, அதனால் கழலுகிறது. தகட்டை உயர்த்த ஒரு திருகு, இரண்டு நிமிட வேலை.

"பேசாம நம்பரை ஏத்தி வெச்சுடுங்களேன்" என்றாள் கொர்னீலியா. "இப்ப ஆறுல இருக்கு. ஒம்போதுக்கு வெச்சா கழலாதுன்னு கிராட்ஸ்ல ஒரு சிநேகிதன் சொன்னான்."

விடுவிக்கும் விசையின் அளவுதான் அந்த நம்பர். ஏற்றினால் கழலாதுதான். விழுந்து கால் முறுக்கிக்கொள்ளும்போதும் கழலாது. பைண்டிங் விடாவிட்டால் முட்டிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். ரோஸ்விதாவை விட அதை நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், அவசரத்தில், தன் ஸ்கீ ஏன் கழலுகிறது என்று பார்க்காமல் நம்பரை ஏற்றிக்கொண்டு கிளம்பியவள் அவளேதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பனி சரியில்லை என்று சொல்லிவைத்திருந்தாள்.

"ஒம்போதா?" என்றாள்.

"ஆமா. முடியும்தானே?"

"முடியும். நீங்க கேட்டா செய்யறேன்."

திருப்புளியை எடுத்து இரண்டு ஸ்கீயிலும் நம்பரை ஒன்பதுக்கு ஏற்றினாள். தகட்டைத் தொடவில்லை. சோதனைத் தாளில் ஒன்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். 'முன் இடைவெளி' என்ற கட்டம் காலியாகவே இருந்தது.

"தங்கமான கை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள் கொர்னீலியா.

அன்று இரவுச் சாப்பாட்டில் பார்லி சூப்பை ஊற்றிக்கொண்டே, "டாக்டர் பூட்ஸ் நல்லாருக்குன்னா" என்றாள் ரோஸ்விதா. வெண்டெலினின் கரண்டி ஒரு கணம் நின்றது. "ஓ, அதுவா. சொல்லணும்னு இருந்தேன்" என்றான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவன் கிளம்பிப் போனான். எட்டு மணிக்கு அவள் கடையைத் திறந்தாள். முந்தின நாள் தாள்களை அடுக்கி வைக்கும்போது அந்தக் காலிக் கட்டம் கண்ணில் பட்டது. பதினாறு வருஷத்தில் அவள் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. வாடிக்கையாளர் கேட்டாள், நான் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சொல்லும்போதே அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தாள். ஆடுகிற நுனி, விடாத கவ்வி, கீழே ஓடையும் பாறையும்.

வெண்டெலினுக்குப் போன் அடித்தாள். அந்தப் பக்கம் சிக்னல் எட்டாது என்று தெரிந்தும் மூன்று தடவை அடித்தாள்.

"ஏகிட், வாடகை பூட்ஸ் ஒண்ணு எடுத்துக்கறேன். ஸ்கீயும்."

"எங்க போற? உன் முட்டி?"

"முட்டி என்னோடதுதானே? கடையப் பாத்துக்கோ."

மலையேறிகள் ஏளனமாகப் பார்க்கும் சின்ன லிஃப்ட் ஒன்று பக்கத்துச் சரிவில் ஓடியது. அதில் உட்கார்ந்து பாதி உயரத்தை மிச்சம் பிடித்தாள். மேலே இறங்கித் தோல்பட்டையை ஒட்டினாள். கணவாய்க்கு ஒரு மணி நேர ஏற்றம். முதல் கால்மணி நேரம் முட்டி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. நிற்கவில்லை. நாலு வருஷமாக வராத இடத்துக்கு வருகிறோம் என்ற நினைப்புகூட அவளுக்கு வரவில்லை. அவர்கள் இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கணவாய்க்குக் கீழே கடைசித் திருப்பத்தில் குரல் கேட்டது. பாறை ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் பட்டையை உரித்து முடித்திருந்தார்கள். வெண்டெலின் தன் கத்தி முனையில் உப்பிட்ட பன்றிக்கறித் துண்டை நீட்டினான், கொர்னீலியா கையுறையைக் கழற்றாமல் வாயாலேயே அதைக் கவ்விக்கொண்டாள். அவன் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய ஒரு சிரிப்பு. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

கொர்னீலியா குதிகாலை அழுத்தினாள். 'டக்' என்று பைண்டிங் பூட்டிய சத்தம் காற்றில் தெளிவாக வந்தது. ஓடையின் வாயை நோக்கி ஸ்கீயைத் திருப்பினாள்.

ரோஸ்விதா சும்மா நின்றாள். எத்தனை நொடி என்று பின்னால் யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. சும்மா நின்றாள் என்பது மட்டும் தெரியும்.

"கொர்னீலியா!" என்று கத்தினாள். "நில்லு! ஸ்கீயக் கழட்டு!"

இருவரும் திரும்பினார்கள். வெண்டெலின் பேயைக் கண்டவன் போல நின்றான். "ரோஸி? நீ எப்படி இங்க?"

அவள் பதில் சொல்லாமல் மூச்சிரைக்க மேலே வந்து, பையிலிருந்து திருப்புளியையும் துண்டுக் காகிதத்தையும் எடுத்தாள். பனியில் மண்டியிட முட்டி மடங்கவில்லை, பக்கவாட்டில் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். காகிதத்தை விட்டு இழுத்துக் காட்டினாள். தகட்டை உயர்த்தினாள், மறுபடி விட்டாள். இறுகலாக வந்தது. நம்பரை ஆறுக்கு இறக்கினாள். அடுத்த காலுக்கும் அதையே செய்தாள்.

"இப்ப சரி. இப்ப தானா கழலாது, கழலவேண்டிய நேரத்துல கழலும்."

கொர்னீலியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒம்போதுக்கு ஏத்திக் குடுத்தீங்க?"

"நீங்க கேட்டீங்க."

"நான் மாட்டு டாக்டர்! எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்னுதானே வந்தேன்!"

"அந்தப் பூட்ஸ் என்னோடது" என்றாள் ரோஸ்விதா. "நான் குடுத்துவிடல."

கொர்னீலியா மெதுவாக வெண்டெலின் பக்கம் திரும்பினாள். "அவங்களே குடுத்தாங்கன்னு சொன்னியே?"

"பரண்ல சும்மாத்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"நல்லாருக்கு. ஒருத்தர் பொய் சொல்வீங்க, ஒருத்தர் வாயைத் தெறக்க மாட்டீங்க. நடுவுல நான் பள்ளத்துல கெடக்கணும்." ஓடையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, லிஃப்ட் பக்கத்து மென்சரிவில் தனியாக இறங்கிப் போனாள். பைண்டிங் பிடித்து நின்றது. ரோஸ்விதா அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். தன் பூட்ஸ் தானில்லாமல் இறங்கிப் போவதையும் பார்த்தாள்.

"அவளைப் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று கேட்டாள்.

வெண்டெலின் கத்தியை மடித்துப் பையில் போட்டான். "நீ நெனக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கல."

"நடந்துச்சான்னு நான் கேக்கல."

"அவகூட வந்தா மனசு லேசா இருக்கு" என்றான் வெண்டெலின். "வீட்டுல நீ ஜன்னல்ல நிப்பே. மலையில நான் சந்தோஷமா இருந்தேன்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னு மூஞ்சியக் கழுவி வெச்சுக்கிட்டு உள்ள வரணும். அவகிட்ட அது வேண்டாம்."

கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"என் முட்டி போனது பனியால இல்ல" என்றாள். "நம்பரை நானே ஏத்தினேன். பாக்கச் சோம்பேறித்தனம். நாலு வருஷமா உன்கிட்ட சொல்லல."

அவன் அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தான். "நாந்தான் அன்னிக்கு உன்னை அவசரப்படுத்தி விழ வெச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

இறங்க இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கீழே போய் நின்று காத்திருந்தான். அவள் இரண்டு தடவை விழுந்தாள், இரண்டு தடவையும் பைண்டிங் ஒழுங்காகக் காலை விட்டது.

திங்கட்கிழமை ஏகிட்டிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேலி எதுவும் செய்யவில்லை. அந்தக் காலிக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சீசன் முடியும்வரை பைண்டிங்குக்குப் பதிலாக ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் வேலையைக் கொடுத்தான். கொர்னீலியா புதுப் பூட்ஸ் வாங்கிக்கொண்டு, பைண்டிங்கை இன்ஸ்ப்ரூக்கில் காட்டிக்கொண்டாள். யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது ரோஸ்விதாவுக்கு. அவளிடம் இந்தப் பெருந்தன்மையும் இருக்கிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வெண்டெலின் காலையில் சமையலறை வாசலில் நின்று, "பாதி லிஃப்ட், பாதி நடை. வர்றியா?" என்று கேட்டான்.

"முட்டி இன்னும் வீங்கியிருக்கு. அடுத்த வாரம் கேளு."

"கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் ஜன்னலுக்குப் போனாள். பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் டாக்டர் வீடு, இடது பக்கம் திரும்பினால் லிஃப்ட். கார் பாலத்தில் ஒரு பால் வண்டிக்கு வழிவிட்டு நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்கு, அதைப் பார்க்கவென்று வந்து நின்ற தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.