தயிர் மேல் வைத்த பெட்டி

தறியிலிருந்து இறங்கிய புதுத் துணியில்தான் தயிரைக் கட்டித் தொங்கவிட்டேன். நெசவுக்கார வீட்டில் பிறந்தவள் நான். சாப்பிடுகிற பொருளைப் பழந்துணியில் கட்ட மனசு வருமா? காலையில் பார்த்தால் கீழே வைத்த சட்டி காய்ந்து கிடக்கிறது. கஞ்சி போட்ட துணி. சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மன்சூருக்கு தோஹாவில் ஒரு கிரேக்க ஹோட்டலில் சமையல் வேலை; லீவில் வந்திருந்தார். கெட்டித் தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் போட்டு, சுட்ட கோழிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று செய்வார். சீசனில் குற்றாலத்தில் அதை வைத்துக் கடை போடலாம் என்று நான்தான் நச்சரித்தேன். மசூது மாமா அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் தன் கடையைத் தருவதாகச் சொன்னார், அதுவும் இன்று மத்தியானம் வந்து ருசி பார்த்துவிட்டுத்தான் தருவாராம். அவருக்குப் பிடிக்காவிட்டால் இவருக்கு ராத்திரி விமானம். கட்டிய பெட்டி வாசலருகே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வெள்ளரிக்காய் வாங்கி வருவதற்குள், துவைத்துத் துவைத்து மெலிந்த என் வெள்ளைத் துப்பட்டியை நாலாக மடித்து, தயிரை அதில் மாற்றிக் கட்டினேன். தொங்கவிட நேரமில்லை. ஓட்டை போட்ட இட்லித் தட்டில் மூட்டையை வைத்து மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்தேன். பாரத்துக்கு எதைத் தூக்குவது? அந்தப் பெட்டியைத்தான் தூக்கினேன். தண்ணீர் ஓடியது பாருங்கள்!

“ஏட்டி ஹுஸ்னா, பெட்டி எங்கன?” வெள்ளரிக்காயோடு திரும்பியவர் பதறினார்.

“அடுப்படில, தயிருக்கு மேல இருக்கு. எடுத்தீங்கன்னா தயிரு கெட்டியாவாது, பாத்துக்கோங்க.”

எட்டிப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெள்ளரிக்காயைத் துருவி, பிழிந்து, பூண்டு நசுக்கி, புதினா கிள்ளி, ஆலிவ் எண்ணெய் விட்டுக் கலந்தார்.

மத்தியானம் வந்த மசூது மாமா முதலில் மோந்து பார்த்தார். பிறகு கோழியை மறந்து, விரலால் கிண்ணத்தை வழித்தார்.

“ஏலே மன்சூரு, சாரல் தொடங்கிட்டு. எப்பம்லே கட தொறக்க?”

இவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பெட்டியை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மாமா கை கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மீதித் தயிரை அவரே துப்பட்டியில் கட்டி, இட்லித் தட்டில் வைத்து, அதன் மேல் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“மெள்ள வைங்க, பிதுங்கிரும்” என்றேன்.