அக்காவுக்குச் சரியாகிவிட்டது

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். மருந்துப் பெட்டிக்குள் நாலாய் எட்டாய் மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில், யாரும் படிக்காத தாள், அதில் பிழை பார்ப்பது அவள் வேலை. புள்ளி ஒன்று நழுவினால் அரை மாத்திரை ஐந்து மாத்திரையாகிவிடும். அவள் பார்த்த தாளில் புள்ளி நழுவியதே இல்லை. தன் வேலையோடு நிறுத்தினாளா என்றால் அதுவும் கிடையாது. பக்கத்து மேஜைக்காரி திட்டு வாங்கக் கூடாதே என்று அவளுடைய தாள்களையும் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால், கணவர் ஆசையாகக் கழுவி வைத்த பாத்திரங்களை, அவர் மனம் நோகாமல், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மறுபடியும் கழுவுவாள். இப்படி ஒருத்தி இருந்தால் யாருக்குக் கசக்கும்? எல்லோரும் நன்றாகவே குளிர்காய்ந்தார்கள்.

ஒரு நாள் மதியம் எழுத்துகள் அவளைக் கைவிட்டன. தாளின் மேல் மிதக்க ஆரம்பித்தன. சாயங்காலம் வரை ஒரே வரியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் களைத்துப் போயிருக்கிறது, அதற்கென்று இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள் என்றார் கண் டாக்டர். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு வேலைக்கு வந்தால் போதும் என்று முதலாளியும் விடுப்புக் கொடுத்தார்.

மனநல ஆலோசகர் சின்னப் பெண். படிப்பை முடித்து அப்போதுதான் தனியாக அறை எடுத்திருந்தாள். சுவரில் பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. அக்கா உள்ளே வந்து செய்த முதல் காரியம், தன் பக்கம் வைத்திருந்த மேஜை விசிறியை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பியது. தனக்கு வேர்க்காது என்றாள். வேர்த்துக் கொட்டியது.

கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. தன்னைப் பற்றிப் பேச வந்தவள் எதிரே இருந்தவளின் முகத்தில் பிழை பார்க்கத் தொடங்கிவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எதைச் சொன்னால் அந்த முகம் வாடும், எதைச் சொன்னால் மலரும் என்பது சீக்கிரமே அத்துப்படியாகிவிட்டது. தூக்கமே வரவில்லை என்றால் வாடியது. நேற்று கொஞ்சம் தூங்கினேன் என்றால் மலர்ந்தது. அதற்கப்புறம் அக்கா தினமும் நன்றாகத் தூங்கினாள், அந்த அறையில் சொல்வதற்கு மட்டும்.

ஏதாவது ஒரு வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு வாருங்கள் என்று ஒரு முறை வீட்டுப்பாடம் கொடுத்தாள் அந்தப் பெண். அக்கா துணி மடிப்பதை எடுத்துக்கொண்டாள். எந்தச் சட்டையைக் கோணலாக மடிப்பது, எவ்வளவு கோணலாக என்று யோசித்து, பிரித்துப் பிரித்து மடித்து, கடைசியில் அப்பழுக்கில்லாத ஒரு கோணலைக் கொண்டுவந்தாள். கணவர் அதை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூச்சு முட்டச் செய்த அந்த வேலையை, ஏதோ போகிறபோக்கில் செய்ததுபோல் அறையில் சொன்னாள். ஆலோசகர் கைதட்டாத குறைதான். போகப் போக அந்தப் பெண்ணும் அவளை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். சிகிச்சை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இப்படியே போய், அக்காவுக்குச் சரியாகிவிட்டது என்று முடிவாயிற்று.

"எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குக்கா. உங்க முதலாளிகிட்ட நானே பேசிடறேன். திங்கக்கிழமையே நீங்க வேலைக்குப் போகலாம்" என்று ஆலோசகர் போனைக் கையில் எடுத்தாள். தன்னிடம் வந்து குணமாகிப் போகிற முதல் ஆள் அக்காதான் என்று சொல்லும்போது பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேஜையில் கிடந்த தலைவலி மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தாள். மிதந்தது. கண்ணை மூடித் திறந்தாலும் மிதந்தது. திங்கட்கிழமை இதே கண்ணோடு அவள் ஒரு தாளைச் சரி என்று அனுப்புவாள், அதை நம்பி எந்த வீட்டிலோ ஒரு குழந்தைக்கு மருந்து கொடுப்பார்கள். முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காகவாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் வாயில் வந்தது குழந்தையின் கதை இல்லை, தன் கதை.

"என்னால முடியல டாக்டர்" என்றாள். "ஒரு நாள்கூட நான் தூங்கல. நீங்க சந்தோஷப்படுறீங்களேன்னு பொய் சொன்னேன். எனக்குச் சரியாகல."

ஆலோசகர் போனைக் கீழே வைத்தாள். முகம் வாடியது. எதைப் பார்க்கக் கூடாதென்று இத்தனை வாரம் அக்கா படாத பாடு பட்டாளோ, அது கண்ணெதிரே நடந்தது. அவளுக்கு மனசு பதறியது. சட்டென்று எழுந்து, அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், எல்லாம் தன்னால்தான் என்று அடுக்கிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"உக்காருங்க" என்றாள் அந்தப் பெண். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது என் கஷ்டம், இதை நான் பாத்துக்கிறேன். நீங்க உங்களோடதைச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து அக்காவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவரவர் கஷ்டத்தை அவரவரே பார்த்துக்கொள்வதென்றால் இவளுக்கு இங்கே என்னதான் வேலை? கொஞ்ச நேரம் பாட்டிலும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடக்கமான அழுகையெல்லாம் இல்லை, மூக்கு ஒழுக, விக்கி விக்கி. எதிரே அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்தும் தேற்ற எழுந்து போகாமல், தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள்.