தூக்கிப் போட்ட முதல் அளவு

“திருடாதவன் திருடுனவன் மாதிரி முழிச்சா, சாமி யாரை நம்பும் டீச்சர்?”

பசுமலையில் ஞாயிறு பள்ளி வகுப்பில் ஒரு சிறுமி இப்படிக் கேட்டபோது விக்டோரியா சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள். சிரித்து நழுவவிட்ட கேள்விகள் நம்மைச் சும்மா விடுவதில்லை. சில வருடங்கள் கழித்து அதே முழியோடு முகமது யாசீன் அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றான்.

அவர்கள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி பால் அளக்கும் மிசின் செய்தது. ஊர்களில் பால் ஊற்றுகிறவர்களின் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அது சொல்லும். அந்த எண்ணை வைத்துத்தான் விலை. இந்த வருடம் புதுச் சென்சார் வந்திருந்தது. மிசினுக்குள் ஓடும் இயங்குதளத்துக்குச் சென்சாரின் பேச்சு புரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச ஒரு நிரல் வேண்டும். அதை டிரைவர் என்பார்கள். விக்டோரியா போன வருடம் பழைய சென்சாருக்கு எழுதியதைப் பார்த்துப் புதியதை யாசீன் எழுதியிருந்தான். அதை வரிவரியாகப் படித்து ஒப்புதல் கொடுப்பது அவள் பொறுப்பு.

முந்நூறு வரிகளில் நூற்றுப் பதினான்காவது வரியில் கண் நின்றது. சென்சாரை இரண்டு முறை படிக்கிறான். முதலில் வந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்கிறான். ஏன் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. மாற்றக் குறிப்பில் ‘சிறு திருத்தம்’ என்று மட்டும் இருந்தது.

ஆபீஸ் வழக்கப்படி ஒரு செம்புப் பாலை எடுத்து அளந்தாள். கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி அளந்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் ஓர் அளவு. தண்ணீர் விட்ட ஒவ்வொரு தடவையும் அவன் தூக்கிப் போட்ட எண் கூடுதலாகவும், வைத்துக்கொண்ட எண் குறைவாகவும் இருந்தது. விடியலில் எழுந்து கறக்கிறவர்களின் பாலில் அல்லவா கை வைக்கிறான்!

“ஏம்ப்பா யாசீன், முதல் அளவை ஏன் தூக்கிப் போடுற?”

அவன் தரையைப் பார்த்தான். “சும்மா ஒரு சேஃப்டிக்குத்தாங்க்கா.”

“யாருக்கு சேஃப்டி?”

“விடுங்க்கா. ரிவ்யூவ முடிச்சிருங்க.”

மறுநாள் முதலாளி தனிஸ்லாஸ் அவளைக் கூப்பிட்டார். “உங்க யாசீன் தம்பி பெரிய ஆளு மேடம். உசிலம்பட்டிப் பக்கம் பால் சென்டர் வச்சிருக்காருல்ல பேச்சிமுத்து, அவரோட தெப்பக்குளத்துப் படிக்கட்டுல உக்காந்து ஒரே குசுகுசு. என்னையப் பாத்ததும் ரெண்டு பேரும் ஊமையாயிட்டாய்ங்க. அவனுக்கு ஆறு மாச ட்ரையல் வெள்ளிக்கிழமையோட முடியுது. வச்சுக்கவா, அனுப்பவா? அன்னைக்கு மூணு மணிக்குள்ள சொல்லிருங்க. உங்க வாக்குதான்.”

யாசீன் வீட்டில் சம்பளம் வாங்குகிறவன் அவன் ஒருவன்தான். அது தெரிந்தும் அவள் பார்வை மாறிவிட்டது. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் யாரோடு பேசுகிறான் என்று காது கொடுத்தாள். ஜெபம் செய்ய உட்கார்ந்தாலும் அந்த வரியே வந்து நின்றது. ‘இவரை நம்ப இயலாது’ என்று தனிஸ்லாஸுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்தாள். ஒருவன் சோற்றில் கை வைக்குமுன் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று வியாழன் விடியற்காலை உசிலம்பட்டி பஸ் ஏறினாள்.

பேச்சிமுத்துவின் சென்டரில் இருந்தது இவர்களுடைய பழைய மிசின். அதன் முன்னால் நின்றதை வரிசை என்று சொல்ல முடியாது. ஒரு அம்மாளுக்குப் பின்னால் நிற்க எல்லாரும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்தும் இருளாயி பின்னால நீதானடி நின்ன!”

“ஆமா, இவ டோக்கன் போட்டு வந்துட்டா.”

“கம்பெனியிலருந்து விக்டோரியா வந்திருக்கேன். என்ன தகராறுண்ணே?” என்றாள்.

“ராசித் தகராறும்மா” என்றார் பேச்சிமுத்து. “இருளாயிக்கு அடுத்து ஊத்துனா மிசின் அள்ளிக் குடுக்கும். எம்புட்டுத் தண்ணிப் பாலா இருந்தாலும் சரி.”

இருளாயி வாளியை இறக்கினாள். “ஊருக்கெல்லாம் ராசி, எனக்கு மட்டும் இல்ல தாயி. எருமைப் பால் ஊத்துறேன், மாட்டுப் பால் அளவுதான் காட்டுது. ஒரு சொட்டுத் தண்ணி விட்டிருந்தா என் கை வெளங்காது.”

விக்டோரியா அந்த வாளியை மிசின் பக்கம் நகர்த்தினாள். பிறகு, “அண்ணே, இவங்க பாலை மூணு தடவை அளங்க” என்றாள்.

முதலில் 4.0 காட்டியது. அடுத்து 7.1. மறுபடியும் 7.1.

பழையதோ புதியதோ, கேட்டவுடன் கையில் இருக்கும் முந்தைய அளவைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே சென்சார் இப்போது ஊற்றிய பாலை அளந்திருக்கிறது. முன்னால் நின்றவரின் பால் பின்னால் நின்றவரின் கணக்கில் விழுந்திருக்கிறது. ஆபீசில் தண்ணீர் விட்டுக்கொண்டே போனதால்தான் தூக்கிப் போட்ட எண் கூடுதலாகத் தெரிந்தது. போன வருடம் ஒரே முறை படித்த டிரைவர் அவளுடையது. அன்று சோதனையில் பட்டனை மூன்று முறை அமுக்கி மூன்றாவதைக் குறித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று அனுப்பியவளும் அவள்தான்.

“யாசீன்ட்ட இதைச் சொன்னீங்களா?”

“போன மாசமே சொன்னேன். தப்பைப் புடிச்சிட்டேன்ணே, சத்தம் போடாதீங்க, அக்கா எழுதுனது, அவுக பேரு கெட்டுறக் கூடாது, புதுசு ஓகே ஆகட்டும், பழைய மிசின்லயும் நானே சரி பண்ணிர்றேன்னு படிக்கட்டுல வச்சுக் கையப் புடிச்சுக்கிட்டான்.” பேச்சிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “அட, உங்ககிட்டயே சொல்லிட்டேனே!”

யாசீன் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது அவளைத்தான். இப்படியும் ஒரு நல்ல மனசைக் கர்த்தர் பக்கத்து மேசையில் உட்கார வைத்திருக்கிறார். அவளோ அவன் போன் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நல்ல மனசு காத்திருந்த ஒரு மாதமும் இருளாயி குறைந்த அளவே வாங்கியிருக்கிறாள்.

“மிசின் சரியாகுற வரைக்கும் எல்லாருக்கும் ரெண்டு தடவை அமுக்குங்கண்ணே. ரெண்டாவதை எழுதுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மதியம். யாசீன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். தனிஸ்லாஸ் சாப்பிடப் போயிருந்தார். விக்டோரியா அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டு, ‘வைத்துக்கொள்ளுங்கள் சார், என்னைவிட நல்ல கண்’ என்று எழுதி அனுப்பினாள். பிறகு மாற்றக் குறிப்பைத் திறந்து, ‘சிறு திருத்தம்’ இருந்த இடத்தில் அடித்தாள்:

‘போன வருட டிரைவரில் இருந்த தவறு. எழுதியவர் விக்டோரியா. கண்டுபிடித்துச் சரிசெய்தவர் முகமது யாசீன். பழைய மிசின்கள் பன்னிரண்டிலும் இந்தத் திருத்தத்தை உடனே ஏற்ற வேண்டும், முதலில் பேச்சிமுத்து சென்டரில்.’

அவன் பெயரை எழுத்தெழுத்தாக ஒருமுறை சரிபார்த்து, ஒப்புதல் கொடுத்தாள். தொழுகை முடியக் கால் மணி நேரம் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.