லேத்து நிற்கும் ஷெட்

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. என் வீட்டுக்காரரின் அண்ணன் நிசார் அகமது மாடியிலிருந்து இறங்கி வந்து, வீட்டை ஒட்டிய தகர ஷெட்டின் வாசலில் நின்று, உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பார்வையாலேயே இடத்தை அளந்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

"திங்கக்கிழமை கார் வருது வஹிதா. இந்த இரும்பையெல்லாம் எடுத்துட்டா வண்டி உள்ள வந்துரும்" என்றார்.

இரும்பு என்று அவர் சொன்னது என் லேத்தை. மேஜை மேல் நிற்கிற சின்னக் கடைசல் மிஷின் அது. ஓசூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கி வந்து இறக்கியவர், எங்கள் அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மாயவன் அண்ணன். நான் பிளவுஸ் தைக்கிறவள். பழுதான தையல் மிஷினை நானே பிரித்து மாட்டப் போய், அதிலிருந்து இந்த இரும்புப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரை தையல், சாயங்காலம் லேத்து. கற்றுக்கொண்டதெல்லாம் போனில் வீடியோ பார்த்தும், கெடுத்துப் பார்த்தும்தான். இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. ஒரு கம்பியைச் சக்கு என்கிற பிடியில் இறுக்கிச் சுழலவிட்டு, வெட்டுகிற டூலை மெல்ல நகர்த்தும்போது இரும்பு சுருள் சுருளாக உரிந்து வருமே, அந்தச் சந்தோஷத்துக்காகத்தான். சிலர் ரோஜாச் செடி வளர்க்கிறார்கள். அவர்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

"அது இரும்பு இல்லீங்க பாய்ஜான், லேத்து" என்றேன்.

"சரிம்மா, லேத்து. வருசக்கணக்கா கரகரன்னு சத்தம்தான் கேக்குது. இதுல இருந்து உருப்படியா ஒன்னு வெளிய வந்துச்சா?"

அவர் கெட்டவர் இல்லை. தர்மபுரியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். ஷெட் இரண்டு குடும்பத்துக்கும் பொது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கார் வாங்குகிற மனிதருக்கு அதை நிழலில் நிறுத்திப் பார்க்க ஆசை இருக்கத்தானே செய்யும். ஆனால் 'உருப்படியா' என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வாங்க. நான் செஞ்சிட்டிருக்கற எஞ்சினு ஓடும். ஓடலன்னா மறுநாள் காலைல நானே மாயவண்ணனக் கூப்புட்டு லேத்தத் தூக்கிட்டுப் போவச் சொல்றேன்."

"ஓடுச்சுன்னா?"

"ஷெட்டு எனக்கு."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்று மாடியேறினார். வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அப்துல் ரஷீத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த எஞ்சின் அதுவரை ஒரு சுற்றுகூட ஓடியதில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அது சூட்டுக்காற்று எஞ்சின். அதற்குப் பெட்ரோலும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். உள்ளே காற்றை அடைத்து, ஒரு முனையை ஸ்பிரிட் விளக்கால் சுட வைத்து மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் போதும். காற்று சூடு பட்டு விரியும், குளிர்ந்து சுருங்கும். அந்த விரிவும் சுருக்கமும் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிஸ்டன் சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதே சமயம் ஓரத்தில் காற்றும் கசியக் கூடாது. என் உயிரை வாங்கியது அந்த இடம்தான்.

பிஸ்டன் சிக்கும். சிக்குகிறதே என்று எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் கசியும். சிலிண்டரின் துளையை வெர்னியர் அளவுமானி வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்தும் அளந்து பார்த்தேன். எப்படி அளந்தாலும் ஒரே அளவு. துளையில் குறை இல்லை, அப்படியானால் பிஸ்டன்தான் கோணல் என்று முடிவு கட்டி, பழைய எடைக்கல்லை அறுத்துப் புதுப் பிஸ்டன் கடைந்தேன். அதுவும் சிக்கியது. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நான் வேணா அண்ணன்கிட்ட பேசிப் பாக்கட்டா?" என்றார் ரஷீத்.

"பேசுனீங்கன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

"தோத்தா என்ன இப்ப? நீ தைக்கற பிளவுசுக்கு ஊரே வரிசையில நிக்குது."

"அது ஊருக்குத் தைக்கறதுங்க. லேத்து எனக்கு."

 இதற்கு மேல் நான் விளக்கவில்லை. மற்ற இடமெல்லாம் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தகர ஷெட்டுக்குள் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். அது போய்விடுமோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. இரவு முழுக்கப் புரண்டு படுத்தேன்.

வியாழக்கிழமை காலை கண்ணாடி முன் நின்று கண்மை தீட்டும்போது ஒரு யோசனை வந்தது. வெர்னியர் சொல்லாததை மை சொல்லுமா என்று பார்க்கலாமே. ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்ட கோலத்தோடு ஷெட்டுக்கு ஓடினேன். பிஸ்டன் முழுக்க மெல்லிசாகக் கண்மையைப் பூசி, சிலிண்டருக்குள் தள்ளி, இழுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை வட்டமாக இருந்தால் சுற்றிலும் மை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியதோ மூன்றே இடத்தில். மூன்றும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருந்தன.

என் லேத்துச் சக்குக்கும் தாடை மூன்றுதான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன தப்பு செய்திருக்கிறேன் என்பது ஆரிச் சட்டத்தைப் பார்த்தபோதுதான் முழுசாக விளங்கியது. ஏரியூரிலிருந்து ஐஸ்வர்யா என்ற பெண் கல்யாண பிளவுஸுக்குத் துணி கொடுத்திருந்தாள். ஆரி என்றால், துணியைச் சட்டத்தில் நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன்மேல் ஜரிகையும் மணியும் வைத்துத் தைக்கிற வேலை. சாதா பிளவுஸ் என்றால் முதலில் வெட்டு, பிறகுதான் தையல். கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. ஆரி வேலையில் அது ஆகாது. வெட்டிய துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால், கட்டியிருக்கிற வரை பூ அழகாகத்தான் தெரியும்; அவிழ்த்ததும் எல்லாம் கோணிக்கொள்ளும். அதனால் முழுத் துணியில் வேலையை முடித்துவிட்டு, கடைசியில்தான் கத்தரி வைப்போம்.

நான் சிலிண்டரைச் சாதா பிளவுஸ் போலச் செய்திருக்கிறேன். முதலில் வெளிப்பக்கத்தைக் கடைந்து மெல்லிசாக்கிவிட்டு, அதன்பிறகு சக்கில் பிடித்துத் துளை போட்டிருக்கிறேன். அதிலும் முன்பு ஒரு துண்டு சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து டியூப் லைட்டை உடைத்ததிலிருந்து, சக்கு சாவியை இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் திருகுவது என் வழக்கம். மெல்லிய சிலிண்டர் மூன்று தாடைக்கு நடுவே நசுங்கி நின்றிருக்கிறது. நசுங்கிய நிலையில் துளை வட்டம். கழற்றியதும் அது நிமிர்ந்துகொண்டது, துளை கோணிப்போனது. அந்தக் கோணலும் மூன்று பக்கமாக இருந்ததால், இரண்டு பக்கம் மட்டும் தொட்டு அளக்கிற வெர்னியரை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. பாவம், பிஸ்டனை அநியாயமாகத் திட்டியிருக்கிறேன்.

உடனே மாயவன் அண்ணன் கடைக்குப் போனேன். லாரி அச்சுகளுக்கும் உடைந்த மோட்டார்களுக்கும் நடுவே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தடியான கன்மெட்டல் புஷ் ஒன்னு வேணும். போர் மோட்டார்ல குழாயாட்டம் வருமே, அது."

"எடுத்துக்கம்மா. ஆமா, உன் லேத்துக்கு ஆள் பாக்கச் சொல்லி உங்க பெரியவரு சொல்லிட்டுப் போனாரு. மெய்யா?"

 அவர் அதற்குள் ஆளே பார்க்கச் சொல்லிவிட்டாரா.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்கண்ணே. வந்து பாத்துட்டு அப்புறமா ஆள் தேடுங்க" என்று சொல்லிவிட்டு, குவியலிலேயே தடிமனான புஷ்ஷாகப் பொறுக்கி எடுத்தேன்.

இந்தத் தடவை ஆரிக் கணக்கில் போனேன். புஷ்ஷைத் தடியாக இருக்கும்போதே சக்கில் பிடித்தேன், அதுவும் அளவான இறுக்கத்தில். சாவியைத் திருகும்போதெல்லாம் போதும் வஹிதா, போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் துளையை முடித்தேன். பிறகு துளைக்குள் ஒரு கம்பியைக் கடைந்து செருகி, அந்தக் கம்பியைச் சக்கில் பிடித்து, வெளிப்பக்கத்தைக் கடைசியாக இளைத்தேன். எடைக்கல்லில் மிச்சம் இருந்த துண்டில் மறுபடி ஒரு பிஸ்டன் கடைந்தேன். கண்மை பூசித் தள்ளிப் பார்த்தால், துளை முழுக்கச் சுற்றிலும் ஒரே சீராகக் கறுப்பு.

மையைத் துடைத்துவிட்டுப் பிஸ்டனை உள்ளே போட்டேன். 'டொக்' என்று அடியில் விழுந்தது. சிலிண்டரின் அடியைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். பிஸ்டன் விழவில்லை. காற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று நின்றது. விரலை எடுத்தேன், 'டொக்'. அடைத்தேன், நின்றது. இதையே திரும்பத் திரும்பச் செய்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு ரஷீத் எட்டிப் பார்த்தார். அவர் விரலைப் பிடித்து அடியில் வைத்துக் காட்டினேன். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணனுக்கு வேற எடம் பாத்துச் சொல்லணும் போலிருக்கே, கார் நிறுத்தறதுக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிசார் பாய்ஜான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மாயவன் அண்ணனும் வந்தார்.  எஞ்சினை மேஜை நடுவில் வைத்து விளக்கைப் பற்ற வைத்தேன். முனை சூடாகும் வரை பொறுத்திருந்தேன்.  சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினேன்.

ஒரு சுற்று சுற்றியது. தயங்கியது. இன்னொரு சுற்று. அப்புறம் அது என் கையை எதிர்பார்க்கவில்லை. டக் டக் என்று ஆரம்பித்து, வேகம் பிடித்து, சக்கரத்தின் ஆரங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுழன்றது. மேஜை மேல் இருந்த ஆணிகள் கிடுகிடுவென்று ஆடின. செய்துவிட்டேன். இரும்பையும் பழைய புஷ்ஷையும் எடைக்கல்லையும் வைத்து, உயிரோடு ஓடுகிற ஒன்றை நான் செய்துவிட்டேன். 

நிசார் பாய்ஜான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். "பேட்டரி எங்க வெச்சிருக்கற?"

"பேட்டரி இல்லீங்க. அந்த வெளக்குதான்."

"எனக்கே காது குத்தறயா" என்று சொல்லி, விளக்கை ஊதி அணைத்தார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எல்லோரையும் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார். மாயவன் அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க பாய்ஜான். சூடு இன்னும் உள்ள இருக்குது" என்றேன். என் குரல் அவ்வளவு அமைதியாக இருந்ததை நானே அன்றுதான் கேட்டேன்.

சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் தளர்ந்தது. சக்கரம் சோர்ந்து சோர்ந்து நின்றது. பாய்ஜானின் சிரிப்பும் நின்றது. தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவரே விளக்கை ஏற்றினார். கொஞ்ச நேரம் காத்திருந்து அவரே சக்கரத்தைச் சுண்டினார். அது முரண்டு பிடித்துத் திரும்பியது. "அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்" என்றேன். மறுபடி சுண்டினார். எஞ்சின் கிளம்பியது.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எத்தனையோ வருடமாக அவரைத் தெரியும், அப்படி வாய் பிளந்து நின்று பார்த்ததில்லை. விளக்கை அணைத்து, ஏற்றி, சுண்டி, திரும்பத் திரும்ப ஓட்டினார். ரஷீத் கை நீட்டியபோது, "தள்றா, நீ எதையாச்சும் ஒடச்சு வெப்ப" என்று தட்டிவிட்டார். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கார் வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, தெருவில் வேப்ப மரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டிருந்தார் பாய்ஜான். நான் உள்ளே பிளவுஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுச் செல்லம்மாள் அக்காவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, புதுக் காரப் போயி தெருவுல நிறுத்தறீங்க? அதான் வூட்டோட ஷெட்டு இருக்குதுல்ல?"

"அது கார் ஷெட்டு இல்லீங்க" என்றார் பாய்ஜான், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "அதுல எங்க வஹிதா எஞ்சின் செய்யுது."