கேட்கப்படாத ஒன்பது கேள்விகள்

காலை ஐந்தரை மணிக்கு அவள் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு கணவரின் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே கம்பை நீட்டிக் கட்டிலின் காலை மூன்று முறை தட்டினாள்.

"ஏங்க, விடிஞ்சிருச்சு. நான்தான்."

'நான்தான்' என்பதை அவள் ஒருநாளும் விடுவதில்லை. கட்டிலில் கிடந்த உடல் விறைத்து, பிறகு மெல்லத் தளர்ந்தது. அதைப் பார்த்த பின்னரே கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒன்பது வயது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டு வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில், தோளைத் தொட்டு எழுப்பிய மனைவியின் மணிக்கட்டைக் கண் திறப்பதற்குள் முறித்துவிட்டார் அவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவள் மருத்துவமனையில் சொன்னாள். தன் அண்ணனிடமும் அதையே சொன்னாள். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஒரே அறையில் உறங்குவது மட்டும் அன்றோடு நின்றது.

அவரை எல்லோரும் டிரைவர் என்றே அழைத்தனர். போர்முனையில் ஏழு மாதம் மீட்பு வண்டி ஓட்டியவர். அடிபட்ட வண்டிகளை இழுத்து வருவது அவருடைய பணி. அவற்றினுள் இருந்தவர்களையும் சேர்த்தே இழுத்து வரவேண்டியிருந்தது என்பதைப் பணிவிவரக் குறிப்பு சொல்லவில்லை. வீடு திரும்பியபின் அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை, பேருந்தில்கூட ஏறுவதில்லை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் வேலை. வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேர நடை.

"பேரு டிரைவரு, வர்றது நடராஜா சர்வீஸ்" என்பாள் இஸ்திரிப் பகுதியில் நிற்கும் பெண். "செருப்புக் கடைக்காரன் உங்க படத்த மாட்டி வெச்சிருப்பான் அண்ணே."

அவர் சிரிப்பார். சிரிப்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வேலையை அவர் தேர்ந்ததற்கு இரைச்சலே காரணம். பத்துப் பெரிய இயந்திரங்கள் ஒரே சுருதியில் சுழலும் இடத்தில் வேறு எந்தச் சத்தமும் திடீரென்று தனித்துக் கேட்காது. நண்பகலில் மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, அவர் மூட்டைகள் அடுக்கிய அறையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, கதவைப் பார்த்தபடி தனியே சாப்பிடுவார். திமிர் பிடித்தவர் என்று சிலர் நினைத்தனர். அந்த எண்ணத்தை அவர் திருத்தவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

இப்படியே காலம் போயிருக்கும். நான்கு மாதத்துக்கு முன் அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. பத்து வயது மகள் அருகில் நின்றிருந்தாள். அடுத்த நொடியில் அவர் அவளை மேசைக்கடியில் தள்ளி, மேலே கவிழ்ந்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மனைவி கையைப் பிரித்தெடுத்தபோது குழந்தைக்கு மூச்சு திணறிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர், "சத்தம் போடாத, சத்தம் போடாத" என்று காதோடு சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் இருக்கும் அறைக்கு மகள் வருவதில்லை.

மனைவி சண்டை போடவில்லை. மறுவாரம் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தாள்.

"இது வியாதிங்க. உங்களுக்கு அங்க வந்த வியாதி. அதுக்குன்னு அவங்க ஆஸ்பத்திரி இருக்கு, இழப்பீடு இருக்கு. எழுதிப் போடுவோம். ஸ்கூல் லீவு விடற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வைத்தியம் ஆரம்பிக்கலேன்னா, அவள கூட்டிக்கிட்டு நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். உங்க மேல கோவம் இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

அவர் தலையசைத்தார். தானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளில் மனுதாரருக்கு உளநலக் குறை எதுவும் இருந்ததாகப் பதிவு இல்லை. எனவே, தற்போதைய பாதிப்பு பணியால் ஏற்பட்டதாகக் கொள்வதற்கில்லை. இழப்பீட்டுக்கும் படைத்துறை மருத்துவமனைச் சிகிச்சைக்கும் மனுதாரர் தகுதியற்றவர்.' மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். சான்றாக, விடுவிப்பு நாளன்று நிரப்பப்பட்ட மருத்துவப் படிவத்தின் நகல் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. உறக்கமின்மை உண்டா, கொடுங்கனவுகள் உண்டா, காரணமற்ற அச்சம் உண்டா என்று ஒன்பது கேள்விகள். ஒன்பதுக்கும் 'இல்லை' என்றே விடை. அடியில் அவருடைய ஒப்பம்.

அந்த விடைகளை அவர் அன்றுதான் முதல்முறை பார்த்தார். அந்த எழுத்து யாருடையது என்பது அவருக்கு உடனே தெரிந்தது. ஏழு மாதம் மாத்திரை உறைகளின்மேல் கண்ட எழுத்து.

போர்முனையில் அவர்களுக்கு மருந்து கொடுத்த கம்பவுண்டர் இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் சாளரத்தில் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது, தாராளமான உடம்பு, யாரையும் 'டா' போட்டுப் பேசும் உரிமை.

"வாடா டிரைவரு! எத்தன வருஷமாச்சு! நல்லா இளைச்சுட்ட. என்னப் பாரு, உக்காந்த இடத்துலயே ஊதிட்டேன்."

டிரைவர் நகலை நீட்டினார். "இது உங்க எழுத்துதானேண்ணே?"

"ஆமா. முத்து முத்தா இருக்குல்ல?" என்று சிரித்தார் கம்பவுண்டர்.

அந்தப் படிவங்களில் அவருக்குப் பெருமை உண்டு. ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று வந்தாலும் அந்த ஆளை மூன்று வாரம் கண்காணிப்பில் நிறுத்திவைப்பார்கள். விடுவிப்பு நாள் மாலையில் புறப்படும் வண்டியை விட்டால் அடுத்த வண்டி அடுத்த மாதம்தான். எனவே அவர் வெற்றுப் படிவங்களில் எல்லோரிடமும் ஒப்பம் வாங்கிக்கொண்டு, ஒரே உட்காரலில் நாற்பத்து மூன்று படிவங்களையும் 'இல்லை' என்று நிரப்பினார். ஒரே மத்தியானத்தில் நாற்பத்து மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிய கதையை உறவினர் கூடும் இடமெல்லாம் சொல்லிவந்தார். கேட்டவர்கள் அவரை மெச்சினர்.

டிரைவர் அடுத்து நீட்டிய மறுப்புக் கடிதத்தைப் படித்து முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேல்முறையீட்டுல வந்து சொல்லணும்ணே. என்னைக் கேக்காம நீங்களா எழுதினீங்கன்னு."

"வெளையாடறியா? அரசாங்கக் காகிதத்துல பொய் எழுதினேன்னு நானே போய் நிக்கணுமா? பென்ஷன்ல கை வெப்பாங்கடா. இங்க இருக்கற முதலாளி மறுநாளே சாவிய வாங்கிக்குவாரு."

"தெரியும்ணே."

"அன்னிக்கு எல்லாரும் என் கையப் புடிச்சிட்டு அழுதீங்க. நீயுந்தான் அழுத. அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

டிரைவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நீங்க கேட்டிருந்தாலும் இல்லேன்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு. ஆனா நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

"மத்த நாப்பத்து ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கானுங்க? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"நல்லா இருக்காங்களா? எனக்கு யாரோடயும் பழக்கம் விட்டுப்போச்சு. இருந்தா சந்தோஷந்தான்."

அதில் குத்தல் இல்லை. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

குத்தல் இல்லாததே கம்பவுண்டரை உறுத்தியது. அன்று ஒரு மணிக்கு மருத்துவமனை மூடியதும் அவர் சாப்பிடக்கூடப் போகாமல் தொலைபேசியை எடுத்தார். மற்றவர்கள் நலமாக இருப்பதை உறுதிசெய்து, அதை டிரைவரிடம் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

முதலில் படையின் சமையற்காரர்.

"அட, கம்பவுண்டரே! என்ன, ஓசிச் சோறு ஞாபகம் வந்துருச்சா?"

"அதெல்லாம் இல்லடா. சும்மா ஒரு விசாரிப்பு. தூக்கமெல்லாம் எப்படி?"

"பகல்ல நல்லா வருது."

"ராத்திரி?"

"ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். எப்படியும் முழிச்சுத்தான் கெடக்கப்போறோம், சம்பளத்தோட முழிச்சிருப்போமேன்னுதான்."

கம்பவுண்டர் சிரித்தார். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

கம்பியில்லாத் தந்தி பார்த்தவர் மூன்றாம் கேள்வியிலேயே இணைப்பைத் துண்டித்தார். வேறொருவரின் எண்ணில் அவர் மனைவி பேசினார். "அவரு எங்ககூட இல்லீங்க. எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க." அடுத்த இருவரும் நன்றாக இருந்தனர், உண்மையாகவே நன்றாக இருந்தனர். கம்பவுண்டருக்குத் தெம்பு வந்தது. ஆறாவதாக, படையிலேயே வயதில் மிக இளையவனின் எண்ணை அழுத்தினார். எடுத்தவர் அவனுடைய அண்ணன்.

"அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"என்னப்பா சொல்ற! என்ன உடம்புக்கு?"

மறுமுனையில் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"கேக்கறவங்ககிட்ட எல்லாம் வயித்துவலின்னு சொல்லியிருக்கோம்" என்றார் அந்த அண்ணன்.

பதினோரு பேரோடு கம்பவுண்டர் நிறுத்திக்கொண்டார். நலமாக இருந்தவர்கள் நால்வர். மீதமுள்ள முப்பத்தொரு எண்களை அழைக்கும் துணிவு அவருக்கு இல்லை. நான்கு மணிக்குச் சாளரத்தைத் திறந்தார். வரிசையின் முன்னால் நின்ற பெண்மணியின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, டாக்டர் எழுத்து புரியலையா?" என்று அவள் கேட்டாள்.

அன்று மாலையே டிரைவரை அழைத்தார். "எந்த நாளு, எத்தன மணிக்கு?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக் குழு கூடிய அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூவர் இருந்தனர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதியான அம்மையார். ஒரு பக்கம் மருத்துவர்; மறுபக்கம் படைத்துறையின் சார்பில் ஓர் அதிகாரி. டிரைவரும் மனைவியும் இரண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தனர். கம்பவுண்டர் கேட்டுக்கொண்டிருக்க, மணிக்கட்டு முறிந்ததையும் வழுக்கி விழுந்ததாகத் தான் சொன்ன பொய்யையும் முதலில் மனைவி சொன்னாள்; சலவைக்கூடத்தில் தன்னைத் திமிர் பிடித்தவன் என்பதை அவர் சொன்னார். கதவு முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை மனைவி தன் நாற்காலியைக் கதவைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவர் திரும்பவில்லை.

கம்பவுண்டர் நின்றுகொண்டே பேசினார். படிவத்தைத் தாம் நிரப்பியதையும், நாற்பத்து மூன்றையும் அவ்வாறே நிரப்பியதையும், ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதையும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பதினோரு பேரை அழைத்ததையும் சொன்னார். இளையவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் கேட்டார்.

"இதனால உங்க மேல விசாரணை வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"தெரிஞ்சுதாம்மா சொல்றேன்."

மூவரும் தாழ்ந்த குரலில் கலந்து பேசினர். பிறகு தலைவர் முடிவை அறிவித்தார்: அந்தப் படிவம் சான்றாகக் கொள்ளப்படாது. மனுதாரரைப் படைத்துறையின் உளநல மருத்துவர் பதினைந்து நாளுக்குள் நேரில் பரிசோதிக்க வேண்டும். சிகிச்சை அன்றே தொடங்க வேண்டும். இழப்பீடு அந்த அறிக்கையின்படி முடிவாகும். மற்ற நாற்பத்து இருவரின் படிவங்களும் மறு ஆய்வுக்கு அனுப்பப்படும். சாட்சி சொன்னவர் மீது துறை விசாரணைக்குப் பரிந்துரைக்கப்படும்.

டிரைவரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளி விடுமுறைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எல்லோரும் எழுந்தபோது, அதுவரை வாய் திறவாத படைத்துறை அதிகாரி கம்பவுண்டரைப் பார்த்து, கண்டிப்பாகவும் இல்லாமல் ஆறுதலாகவும் இல்லாமல் சொன்னார்: "உங்க எண்ணம் நல்ல எண்ணந்தான். பசங்க சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு நெனச்சீங்க. அதுல என்ன தப்பு?"

கம்பவுண்டர் அவர் பக்கம் திரும்பினார். ஒன்பது ஆண்டுகளாகத் தம் கதையைக் கேட்டவர்களெல்லாம் சொல்லிவந்ததும் அதுதான்.

"கால் போனவன் உள்ள வந்தா யாரும் கேக்காமலே நாற்காலி போடறோம் ஐயா. மனசுல அடிபட்டவன் நம்மள மாதிரியே நடந்து வர்றான். அவனை ஒருத்தன் உக்காரவெச்சு, பதில் வர்ற வரைக்கும் பொறுத்திருந்து கேக்கணும். நான் கேக்கல, நல்லாருக்கான்னு எழுதிட்டேன். வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னாங்க, தெருவுல திமிருன்னாங்க, செத்தப்புறம் வயித்துவலின்னாங்க. ஆளாளுக்கு ஒரு பொய்ய எழுதி அவனைத் தனியா விட்டுட்டோம். மனசுல பட்ட அடியும் போர்ல பட்ட காயந்தான். அத இல்லேன்னு எழுதறவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும், அந்தக் காயத்த அவனும் சேர்ந்துதான் ஆழமாக்கறான்."