சமமாகப் பங்கிட்ட குளிர்

கடல் ஊரை வழித்துத் தின்றுவிட்டுப் போன பிறகும், மேட்டுப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குள் ஒருவரும் செருப்புக் காலோடு ஏறவில்லை. வாசலில் சேறு அப்பிய பூட்சுகள் மூக்கை வெளிப்பக்கம் நீட்டி வரிசையாக நின்றன. வெளியே மார்ச் மாதத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வெறும் பலகைத் தரையில், ஈரக் காலுறையோடு ஜனங்கள் விறைத்துக் கிடந்தார்கள். வீடில்லை, படகில்லை, மரியாதைக்கு மட்டும் குறைவில்லை என்று கினுயோ நினைத்தாள்.

அவள் கவலையெல்லாம் புருஷன் தோயோஜி. கடல்பாசி வேகவைக்கும் கொட்டகையிலிருந்து அவனை இழுத்துக்கொண்டு போன அலை, யாருடைய கூரைமேலோ எறிந்துவிட்டுப் போயிருந்தது. குடித்த கறுப்புத் தண்ணீர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இருமலாகக் கிளம்பியது. காய்ச்சலில் பல் தந்தியடித்தது.

"மருந்துன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சூடா வெச்சிருங்க" என்றாள் கூடத்தில் இருந்த ஒரே நர்ஸ். "இன்னிக்கு ராத்திரியும் இப்படியே நடுங்கினார்னா தாங்க மாட்டார்."

சூடு அந்தக் கூடத்திலேயேதான் இருந்தது. மேடைக்கு அடியில், மடக்கு நாற்காலிகளைத் தள்ளி வைக்கும் பொந்தில். மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரர்கள் காலையில் முதுகில் சுமந்து வந்து கொடுத்த போர்வைகள். பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேலேயே வரும்; எல்லோருக்கும் வராது. எல்லோருக்கும் வராததால் யாருக்கும் இல்லை என்று ஊர்ச் சங்கத் தலைவர் ஹதகேயாமா அவற்றை அடுக்கி வைத்துவிட்டார்.

கினுயோ அவரிடம் போய் நின்றாள்.

"தலைவரே, ஒண்ணே ஒண்ணு குடுங்க. இவருக்கு ரொம்ப முடியல."

"புரியுதும்மா. ஆனா உனக்குக் குடுத்தா பக்கத்துல கேப்பாங்க. ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு இல்லன்னா மனஸ்தாபம் வரும். மிச்சமும் வரட்டும், ஒண்ணா பிரிச்சிடலாம்."

"வழியெல்லாம் அடிச்சிட்டுப் போயிருக்கு. எதுல வரும், கடல்லயா?"

"வேணும்னா எல்லாரையும் கேட்டுடலாமே."

கேட்டார். அதில் அவர் சமர்த்தர். மீன் பதப்படுத்தும் கூடம் வைத்து ஊரில் பாதிப் பேருக்குக் கூலி கொடுத்தவர். அவர் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் என்று அந்தப் பாதிக்குத் தெரியும். மிச்சப் பாதி அக்கம்பக்கம் பார்த்தது. "காத்திருக்கலாம்னு நினைக்கிறவங்க?" என்றதும் நீலம் பாரித்த கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கினுயோ திரும்பிப் பார்த்தாள். தோயோஜியும் படுத்தபடியே கையைத் தூக்கியிருந்தான். அந்தக் கை நடுக்கத்தில் ஆடியது.

"உங்களுக்குக் கூறு கெட்டுப்போச்சா?" என்றாள் குனிந்து.

"நம்மளால யாருக்கும் தொந்தரவு வேணாம் புள்ள."

"செத்தா தூக்கிட்டுப் போறதும் தொந்தரவுதான்."

மத்தியானம், ராணுவ வண்டி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத் தலைவர் வளைவுச் சாலைக்குப் போனார். கினுயோ மேடைக்கு அடியில் தவழ்ந்து போர்வைகளை இழுத்துப் போட்டாள். காய்ச்சல்காரர்கள், கிழங்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைக்காரிகள் என்று பார்த்துப் பார்த்துப் போர்த்திவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

தண்ணீர் மொண்டுவர அவள் வெளியே போய்த் திரும்பியபோது மேடை விளிம்பில் போர்வைகள் இருந்தன. மடித்து, மூலைக்கு மூலை சேர்த்து, கடையில் விற்பதுபோல. மேலே இன்னொன்றை வைத்துக்கொண்டிருந்தாள் பிள்ளைத்தாய்ச்சி தமாயோ.

"மன்னிச்சிருங்க அக்கா" என்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். "பக்கத்துல அவங்க வெறுமனே கெடக்கும்போது எனக்குத் தூக்கமே வராது."

"பக்கத்துல இருக்கிறவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதான்."

தோயோஜியின் மேலும் போர்வை இல்லை. எழுந்து நிற்க முடியாத மனுஷன், நாலு காலில் தவழ்ந்து கொண்டுபோய் வைத்திருக்கிறான். அதற்கு மட்டும் தெம்பு இருந்திருக்கிறது.

கினுயோவுக்கு அழுகை வரவில்லை. அலையிலிருந்து தப்பியவர்களாம். அலைகூட ஆளுக்குச் சமமாக வந்திருந்தால் ஒரு குறையும் சொல்லாமல் வரிசையில் நின்று முழுகியிருப்பார்கள்.

கஞ்சி காய்ச்சுகிற பெண்களிடமிருந்து பெரிய கத்தியை வாங்கினாள். முதல் போர்வையை உதறிக் கூடத்து நடுவில் விரித்து, நடுமடிப்பில் கத்தியைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்தாள். துணி கிழியும் சத்தத்துக்குக் கூடமே எழுந்து உட்கார்ந்தது.

அதற்குள் வந்துவிட்ட தலைவர் காலுறையோடு வழுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றே? தானம் குடுத்தவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

"அவங்க ஆளுக்குக் குடுத்தாங்களா, நாற்காலிக்குக் குடுத்தாங்களா?"

"இருந்தாலும் முழுப் பொருள..."

"பாதியா வெட்டினா எல்லாருக்கும் வருது. யாருக்கும் மனஸ்தாபம் கெடையாது. நீங்க கேட்ட சமம் இதுதான், வாங்கிக்கோங்க."

தலைவர் குனிந்து, வெட்டிய இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் விரலளவு நீண்டிருந்தது.

"இது சரியில்லையே" என்றார் வருத்தமாக. "கைப்பந்துக் கோட்டுமேல விரிச்சு வெட்டும்மா. நேரா வரும்."

அவ்வளவுதான். தரையில் வரைந்திருந்த கோட்டின்மேல் போர்வையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், ஒருவன் அளந்தான், கினுயோ அறுத்தாள். சற்றுமுன் கூரையைப் பார்த்த முகங்களெல்லாம் வரிசையில் நின்று, இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொல்லின. நெஞ்சை மூடினால் கால் தெரிகிற துண்டு. அதற்கு அத்தனை சந்தோஷம். தமாயோ பக்கத்துக்காரியின் துண்டோடு தன்னுடையதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

கினுயோ புருஷனின் பங்கை அவன் நெஞ்சிலும், தன் பங்கை அவன் காலிலும் சுற்றினாள்.

"உனக்கு?" என்றான் தோயோஜி. "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இதையும் மடிச்சுக் கொண்டுபோய் வெச்சீங்க, கைய வெட்டிடுவேன்."

தலைவர் அவர்கள் பக்கம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, ஒருத்தர்கிட்ட ரெண்டு துண்டு இருந்தா... மத்தவங்க கேப்பாங்களே."

கினுயோ தோயோஜியின் கால்விரல்களுக்கு அடியில் துணியை அழுத்திச் செருகினாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி, வெறும் பலகையில், புருஷனை ஒட்டிப் படுத்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். தோயோஜிக்கு இருமல் விடவில்லை. ஆனால் தன்மேல் இடித்துக்கொண்டிருந்த அவன் நடுக்கம் மெல்ல மெல்லத் தணிவதை அவள் கவனித்துக்கொண்டு கிடந்தாள்.